ரத்தம் எடுத்தார்கள், உரிமை கொடுக்கவில்லை

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் பேருந்தில் பர்லியாரைத் தாண்டாமல் போக முடியாது. சுற்றுலா வருகிறவர்களுக்கு இது மங்குஸ்தானும் துரியானும் கிடைக்கும் ஊர். 1871இல் தொடங்கிய அரசு பழப்பண்ணையால் பெயர் பெற்ற ஊர். அந்தப் பண்ணை வருவதற்கு முன்பிருந்தே இந்தச் சரிவுகளில் இருளர்களும் குறும்பர்களும் வாழ்கிறார்கள். அவர்களுடைய வரலாற்றில் ஒரு நோயும் இருக்கிறது: அரிவாள் செல் ரத்தசோகை. ஊரில் 'சிக்கிள் செல்' என்றால்தான் தெரியும்.

ஊட்டியின் குளிர் மலேரியாவிலிருந்து தப்பிக்க வெள்ளைக்காரர்கள் தேடிக்கொண்ட இடம். கீழே உள்ள சரிவுகள் அப்படியல்ல, காய்ச்சலுக்குப் பேர்போனவை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அரிவாள் செல் மரபணுவைப் பெற்ற குழந்தைக்கு மலேரியாவை எதிர்த்து நிற்கும் வலு கூடுகிறது. அதனால்தான் மலேரியா மண்டிய நிலங்களில் வாழ்ந்த மக்களிடம் இந்த மரபணு தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டது. ஆனால் இரு பக்கமிருந்தும் அதைப் பெற்ற குழந்தைக்கு அதுவே நோயாகிறது. சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து நாளங்களை அடைக்கின்றன. திடீரென்று உயிர் போகும் வலி வரும், பிறகு விடும். ஒவ்வொரு முறையும் உள்ளே ஏதோ ஒன்று சேதமாகிறது. மண்ணீரல், இடுப்பு எலும்பு, சிறுநீரகம், சில சமயம் மூளை.

1910இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் இந்த நோயை முதன்முதலில் மருத்துவ இதழில் பதிவு செய்தார். இந்தியாவில் இது இருப்பதை உலகுக்குச் சொன்ன முதல் ஆய்வுகளில் ஒன்று நமது நீலகிரியில் நடந்தது. 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவரும் இங்குள்ள பழங்குடிகளின் ரத்தத்தைச் சோதித்து பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். அன்றைய மானுடவியலுக்கு இந்த மக்கள் எந்த 'இனம்' என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. ரத்தம் கொடுத்தவர்களுக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பது யாருடைய கேள்வியாகவும் இல்லை.

அந்தக் கேள்வியை அமெரிக்காவில் கேட்டவர்கள் கருஞ்சிறுத்தைகள். 1971இல் கறுப்பின மக்கள் குடியிருப்புகளில் இலவச அரிவாள் செல் பரிசோதனை முகாம்களை நடத்தி, இந்தப் புறக்கணிப்பு நிறவெறிதான் என்று பிரச்சாரம் செய்தார்கள். மறு ஆண்டே அங்கே இந்த நோய்க்கென்று தனிச் சட்டம் வந்தது. அதே 1972இல்தான் பம்பாயில் தலித் சிறுத்தைகள் இயக்கம் பிறந்தது. பெயரை அங்கிருந்து எடுத்துக்கொண்டோம். விதர்பாவில் தலித் மக்களிடமும் இந்த நோய் பரவலாக உண்டு. ஆனாலும் தமிழகத்தில் நமது மேடைகளில் இது அரிதாகவே பேசப்பட்டிருக்கிறது. இது நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டிய குறை.

அரசு எப்போது விழித்தது? 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைகளை மட்டுமே ஏற்றது. அரிவாள் செல் அதில் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் வகைகளை 21 ஆக்கி, ஹீமோஃபிலியா, தலசீமியாவோடு அரிவாள் செல் நோயையும் சேர்த்தது. நீலகிரியில் ரத்தம் எடுத்து எழுதியதற்கும் சட்டம் அதை ஊனமாக ஏற்றதற்கும் இடையில் 64 ஆண்டுகள். இடைப்பட்ட காலத்தில் இந்த மலையில் நோயாளிகளைத் தேடிப்போய்ச் சிகிச்சை தந்ததில் தொண்டு நிறுவனங்களின் பங்கு பெரிது.

சட்டம் வந்தது, விழுக்காடும் கூடவே வந்தது. 40 விழுக்காடு இல்லாமல் முக்கியச் சலுகைகள் இல்லை. ஒன்றிய அரசின் ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு 80 விழுக்காடு வேண்டும். அதில் ஒன்றிய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். தமிழக அரசு 2023இல் 2,000 ரூபாயாக உயர்த்திய பராமரிப்பு உதவித்தொகையிலும் கடும் பாதிப்பு என்றால் 75 விழுக்காடு. கை கால் இழப்பை அளந்து பழகிய கோல் இது. வந்து வந்து போகும் வலியை, வருடா வருடம் கூடும் சேதத்தை இதை வைத்து எப்படி அளப்பது?

இந்தச் சரிவில் உள்ள ஒரு குடியிருப்பிலிருந்து இருபது வயது தாண்டிய ஒரு தம்பியை மருத்துவக் குழு ஒன்றின் முன் அழைத்துப்போனோம். அன்று அவர் நடந்து வந்தார். "நல்லாத்தானே இருக்கார்" என்றார்கள். 40ஐத் தொடவில்லை. முந்தின மாதம் நான்கு நாள் அவரால் எழுந்திருக்கவே முடியவில்லை என்பதை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. திரும்பும் வழியில் அவருடைய அம்மா சொன்னார்: "வலிக்கிற அன்னிக்கு வண்டி கிடைக்காதுங்க. வண்டி கிடைக்கிற அன்னிக்கு வலி இருக்காதுங்க."

40ஐத் தாண்டினாலும் இன்னொரு கதவு மூடியிருக்கிறது. அதே சட்டத்தின் 34ஆவது பிரிவு அரசு வேலையில் 4 விழுக்காடு ஒதுக்குகிறது. அந்தப் பட்டியலில் ரத்த நோய்கள் இல்லை. உயர்கல்வியில் 5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் அரிவாள் செல் நோயாளி படிக்கலாம். படித்து முடித்த பிறகு வேலை ஒதுக்கீட்டில் அவருக்கு இடமில்லை.

2023 ஜூலை 1ஆம் தேதி ஒன்றிய அரசு அரிவாள் செல் ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது இலக்கு. பரிசோதனை வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 1952லும் பரிசோதனைதான் செய்தார்கள். பரிசோதனை அட்டையைக் காட்டி அரிசி வாங்க முடியாது.

ஆகவே நாம் கேட்பது இவைதான். நோய் உறுதியானவருக்கு, ஒரு நாள் பார்வையை வைத்து அல்லாமல் அவருடைய சிகிச்சைப் பதிவேட்டை வைத்துச் சான்று தர வேண்டும். கூடிக்கொண்டே போகும் நோய்களுக்கு உதவித்தொகையின் விழுக்காட்டு வரம்பைத் தளர்த்த வேண்டும். வேலை ஒதுக்கீட்டில் ரத்த நோய்களைச் சேர்க்க வேண்டும். மருத்துவக் குழு பர்லியாருக்கு இறங்கி வரட்டும். ரத்தம் எடுக்க வந்தவர்களுக்கு இந்த மலைப்பாதை ஒருபோதும் தடையாக இருந்ததில்லை.