இறந்தவர் சொத்தும் இருப்போர் உரிமையும்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வேளை. பள்ளிக்கூடம் விட்டு மாணவர்கள் வீடு திரும்பிய பிறகு, தோட்டத்து அம்மையார் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். கையில் ஒரு பழைய தகரப் பெட்டி. அதற்குள் காலமான கணவரின் பெயரில் இருந்த மலிவு விலை வீட்டின் கிராண்டு, கூட்டுறவுச் சங்கப் பங்குச் சான்று, சேமநிதிக் கணக்குத் தாள், 1979-ஆம் ஆண்டு தோட்டத்து மாரியம்மன் கோவிலில் தாலி கட்டியபோது எடுத்த நிழற்படம். திருமணப் பத்திரம் இல்லை. உயிலும் இல்லை.

"வாத்தியாரையா, அவரு பேருல இருக்கிற வீடு எனக்குத்தானே? அப்புறம் எதுக்கு ஆபீசுல இத்தனை கேள்வி கேக்குறாங்க?" என்றார் அவர்.

அன்று நம்மால் முழு விடை கூற இயலவில்லை. விடை தேடப் புகுந்தபோது, அக்கேள்விகளுக்குப் பின்னே சில நூற்றாண்டு வரலாறு இருப்பதைக் கண்டோம். அதனையே இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். முஸ்லிம் அன்பர்களின் வாரிசுரிமை இசுலாமிய நெறிப்படி அமைவது. இங்கே நாம் பேசுவது முஸ்லிம் அல்லாதாரைப் பற்றியே.

ஒருவர் இறந்தவுடன் அவருடைய சொத்து தானாகக் கைமாறிவிடுவதில்லை. அதனைத் திரட்டி, கடன்களை அடைத்து, மீந்ததை உரியவர்களுக்குப் பங்கிட ஒருவருக்கு அதிகாரம் வேண்டும். உயில் எழுதியவர் அப்பொறுப்பை யாருக்குக் கொடுத்தாரோ, அவருக்கு நீதிமன்றம் வழங்கும் அதிகாரமே 'புரோபேட்'. உயில் இல்லாதபோது வாரிசு ஒருவருக்கு வழங்கப்படுவது நிர்வாகப் பத்திரம். இவ்விரு முறைகளும் இங்கிலாந்திலிருந்து நம் நாட்டுக்கு வந்தவை.

இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகள் உயில்களை மெய்ப்பித்தவை அரசாங்க நீதிமன்றங்கள் அல்ல, திருச்சபை நீதிமன்றங்கள். காண்டர்பரி பேராயரின் பெயரால் நடந்த நீதிமன்றம் அவற்றுள் பெரியது. 1857-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அதிகாரத்தைத் திருச்சபையிடமிருந்து எடுத்து, 1858 ஜனவரி முதல் அரசாங்கத்தின் புரோபேட் நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது. அதோடு மாவட்டந்தோறும் பதிவகங்களும் திறக்கப்பட்டன. 200 பவுனுக்கு உட்பட்ட சிறிய சொத்துகளில் தகராறு எழுந்தால், அருகிலுள்ள கவுண்டி நீதிமன்றமே விசாரிக்கலாம் என்றும் அச்சட்டம் கூறியது. எளியவர் வாசலுக்கு நீதிமன்றம் சற்று நெருங்கி வந்த முதல் படி என்று இதனைச் சொல்லலாம்.

யாருக்கு எவ்வளவு பங்கு என்பதையும் இங்கிலாந்து முன்னரே வகுத்திருந்தது. 1670-ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவருக்குப் பிள்ளைகள் இருந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மற்றவை பிள்ளைகளுக்கு. இந்த 'மூன்றில் ஒரு பங்கு' என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அது கடல் கடந்து வந்து, நம் லயத்து வீடுகள் வரை நுழைந்த கணக்காகும்.

அது வந்து இறங்கிய துறைமுகம் பினாங்கு. 1786-இல் பிரிட்டிஷார் அத்தீவில் குடியேறினர். 1807-ஆம் ஆண்டின் நீதி சாசனம் அங்கே முறையான நீதிமன்றத்தை நிறுவியது; 1826-இல் வந்த இரண்டாம் சாசனம் அதனை மலாக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் விரித்தது. ஆங்கிலச் சட்டமே அடிப்படை. ஆயினும் உள்ளூர் மக்களின் சமயத்துக்கும் வழக்கத்துக்கும் ஏற்ப அதனைத் தளர்த்திக்கொள்ளலாம் என்பது விதி.

அவ்விதி எவ்வளவு தூரம் வளையும் என்பதற்குச் சிங்கப்பூரின் 'ஆறு விதவையர் வழக்கு' சான்று. 1908-இல் பதிவான அவ்வழக்கில், சீனச் செல்வர் ஒருவர் இறந்தபின் ஆறு பெண்கள் தாமே மனைவியர் என்று வந்து நின்றனர். சீன வழக்கப்படி ஒருவருக்குப் பல மனைவியர் இருக்கலாம் என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனால் மனைவியர் என மெய்ப்பித்தவர்கள் அனைவரும் அந்தப் பழைய மூன்றில் ஒரு பங்கையே தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று. தகரப் பெட்டியோடு வந்த அம்மையாரிடம் அலுவலகம் கேட்டதும் அதே கேள்விதான்: "நீங்கள் மனைவி என்பதற்கு என்ன சான்று?"

அக்காலத்தில் இந்தச் சட்டமெல்லாம் நம் தோட்டத் தொழிலாளர்களைத் தொட்டதா? பெரும்பாலும் இல்லை. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். நிலம் கம்பெனிக்குச் சொந்தம். தொழிலாளிக்கென இருந்தவை தாலிப் பொன்னும், தொழுவத்து மாடும், சிறு சேமிப்புமே. அவை கைமாற எந்த நீதிமன்றமும் தேவைப்படவில்லை. 1951-இல் ஊழியர் சேமநிதி தோன்றியது. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தனாரின் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அதன் பின்னர் மலிவு விலை வீடுகள் வந்தன. பால் வெட்டியவர் பெயரில் முதன்முறையாகப் பத்திரமும் பங்கும் ஏறின. சொத்து வந்த அன்றே அதன் வாரிசுரிமைச் சட்டமும் வீட்டுக்குள் வந்துவிட்டது. நம்மில் பலர் அதனைக் கவனிக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் மேற்கு மலேசியாவுக்கு வந்தது. அதிலும் பிள்ளைகள் உள்ள விதவைக்கு மூன்றில் ஒரு பங்குதான். மனைவி இறந்தாலோ அவள் சொத்து முழுவதும் கணவனுக்கு! இங்கிலாந்தே 1925-இல் கைவிட்ட முறை இங்கு நிலைத்தது. 1997-ஆம் ஆண்டுத் திருத்தமே கணவன், மனைவி இருவரையும் ஒரே தராசில் வைத்தது. இப்போது துணைவர், பிள்ளைகள், பெற்றோர் மூவகையினரும் இருந்தால் துணைவருக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரை, பெற்றோருக்குக் கால். பெற்றோர் இல்லையேல் துணைவருக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு.

செல்லும் இடமும் மாறியது. உயில் இருந்தால் உயர் நீதிமன்றம். உயில் இன்றி உயர் நீதிமன்றம் சென்றால், விலக்குக் கிடைத்தாலன்றி, சொத்து மதிப்புக்கு ஈடாக இரண்டு பிணையாளர்கள் வேண்டும். தோட்டத்தில் அத்தகைய பிணையாளர்களுக்கு எங்கே போவது? 1955-ஆம் ஆண்டின் சிறு மரபுச் சொத்துச் சட்டம் இங்கேதான் கைகொடுக்கிறது. சொத்தில் வீடோ நிலமோ இருந்து, மொத்த மதிப்பு வரம்புக்குள் அடங்கினால், மாவட்ட நில அலுவலக அதிகாரியே விசாரித்துப் பங்கிடுவார். மக்கள் இதனைப் 'புசாக்கா கெச்சில்' என்பார்கள். அவ்வரம்பு 20 இலட்சம் வெள்ளியாக இருந்து, 2024-இல் 50 இலட்சமாக உயர்ந்தது. 1921-இல் தொடங்கிய பொது அறங்காவலர் துறை, 1995-இல் அமானா ராயா நிறுவனமாக மாறி, குறிப்பிட்ட வரம்புக்கு உட்பட்ட அசையும் சொத்துகளைக் கவனிக்கிறது.

நேயர்களே, வாசல் திறந்திருந்தாலும் சான்று இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. 1982 மார்ச்சு முதல் நாளில் நடப்புக்கு வந்த திருமணச் சட்டத்துக்குப் பின், கோவிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. பதிவு செய்தாக வேண்டும். அதற்கு முன் வழக்கப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் பதிவானவையாகவே கருதுகிறது. மற்றொன்று: உறவினர் பிள்ளையைத் தூக்கி வளர்த்துப் பள்ளிக்கு அனுப்புவது நம்மிடையே உள்ள நல்ல வழக்கம். ஆனால் 1952-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டப்படி நீதிமன்ற ஆணை பெறாவிட்டால், உயில் இல்லாத சொத்தில் அப்பிள்ளைக்குப் பங்கில்லை.

அம்மையாரின் திருமணம் 1979-இல் நடந்ததால் அவர் தப்பினார். எனினும் அத்தோட்டம் கைமாறிவிட்டது. பழைய ஏடுகள் கிடைக்கவில்லை. தாலி எடுத்துக் கொடுத்த பூசாரியும் உயிருடன் இல்லை. நிழற்படத்தில் ஓரமாக நின்றிருந்த பழைய கங்காணியார் ஒருவரே சத்தியப் பிரமாணம் செய்து கொடுத்தார். விசாரணை நாளன்று சிங்கப்பூரில் வேலை செய்த மகனும் விடுப்பெடுத்து வந்தான். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அன்று அப்படி நேரவில்லை. மாமியாரும் பிள்ளைகளும் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்க, வீடு அம்மையார் பெயருக்கு மாறியது. ஆனால் ஒருவர் மறுத்திருந்தால்? கால் பங்கு வீட்டில் எப்படிக் குடியிருப்பது?

உயில் எழுதுவது செல்வர் வழக்கம் என்றும், சாவை அழைப்பது என்றும் நம்மில் பலர் எண்ணுகிறோம். 18 வயது நிறைந்தவர், எழுத்தில், இரண்டு சாட்சிகள் ஒருங்கே இருக்கக் கையொப்பமிட்டால் அஃது உயிலாகும். சாட்சிகளோ அவர்தம் துணைவரோ அதில் பயன் பெறுவோராக இருத்தல் ஆகாது. திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு செல்லாததாகிவிடும் என்பதையும் மறக்கலாகாது. சேமநிதியில் வாரிசு நியமனம் செய்தோமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நில அலுவலகப் படிகளில் இறங்கும்போது அந்த அம்மையார் நம்மிடம் கேட்ட கேள்வியோடு விடைபெறுகிறோம்: "வாத்தியாரையா, எனக்கப்புறம் எம்புள்ளைங்க இப்படி அலையக் கூடாது. உயில் எழுத எங்கே போகணும்?"