வன்தட்டுப் பாகப்பிரிவினை

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் கொசுவர்த்தி சுத்தப் போறேன். நடுவுல ஹிஸ்டரி கிளாஸும் உண்டு. தூக்கம் வந்தா நிர்வாகம் பொறுப்பல்ல :-)

2016. இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். செமஸ்டர் லீவுக்கு வந்த கையோட, பென் டிரைவ்ல லினக்ஸை ஏத்தி வீட்டுப் பொட்டியில போட உட்கார்ந்தேன். விண்டோஸும் இருக்கணும், லினக்ஸும் இருக்கணும், ஆன் பண்ணினா எது வேணும்னு கேக்கணும். அவ்வளவுதான் ஆசை. இன்ஸ்டாலர் வன்தட்டை எஸ்டிஏ1, எஸ்டிஏ5, எஸ்டிஏ6 அப்படின்னு காட்டுச்சு. இதுல சி டிரைவ் எது, டி டிரைவ் எதுன்னு ஒரு குறிப்பும் இல்லை. காலின்னு நினைச்சு ஒண்ணை டெலீட் பண்ணி, புதுசா ஃபார்மட் அடிச்சு, காப்பி ஓட ஆரம்பிச்ச அப்புறம்தான் உறைச்சது. அது டி டிரைவ். அக்கா கல்யாண ஃபோட்டோ மொத்தமும் அதுலதான். வேற காப்பி கிடையாது. அப்படியே ஒயரைப் பிடுங்கினேன்.

மீதிக் கதை கடைசியில. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம மண்டையில ஓடுன கேள்வி ஒண்ணுதான்: ஒரே தட்டை எதுக்குய்யா துண்டு போட்டீங்க? யார் ஆரம்பிச்சு வச்சது?

தேடிப் போனா, கதை ஐபிஎம்ல ஆரம்பிக்குது. 1981ல ஐபிஎம் தன்னோட முதல் பிசியை வெளியிட்டப்போ அதுல வன்தட்டே கிடையாது. ஃபிளாப்பிதான். அதுக்கு ஐபிஎம் அறிவிச்ச இயங்குதளம் ஒண்ணு இல்லை, மூணு: பிசி டாஸ், சிபி/எம்-86, யூசிஎஸ்டி பி-சிஸ்டம். டாஸ் 40 டாலர், சிபி/எம்-86 240 டாலர். யார் ஜெயிச்சிருப்பாங்கன்னு சொல்லணுமா என்ன? எது வேணுமோ அந்த ஃபிளாப்பியைச் சொருகினா அது ஓடும். சண்டையே இல்லை.

1983 மார்ச்ல பிசி எக்ஸ்டி வந்துச்சு. உள்ளே 10 எம்பி வன்தட்டு. அங்கதான் சிக்கல். ஃபிளாப்பியைக் கழட்டி மாத்தலாம், இதைக் கழட்ட முடியாது. மூணு பேர் குடியிருக்கணும்னா? பாகம் பிரிச்சுத்தானே ஆகணும். கூடவே வந்த டாஸ் 2.0ல எஃப்டிஸ்க்னு ஒரு நிரல் வச்சாங்க. தட்டோட முதல் 512 பைட்டுக்குள்ள ஒரு சின்ன அட்டவணை. நாலு வரி, வரிக்கு 16 பைட், மொத்தம் 64 பைட். ஒவ்வொரு வரியிலும் ஒரு பாகம் எங்க ஆரம்பிக்குது, எவ்வளவு நீளம், யாரோடதுங்கிற விவரம். நம்ம ஊர் பாஷையில சொன்னா நாலு பட்டா. அதுக்கு மேல எழுத இடம் இல்லை.

அந்த 512 பைட்டுல 446 பைட் ஒரு குட்டி நிரலுக்கு. பொட்டியை ஆன் பண்ணினதும் தட்டுல இருந்து முதல்ல ஓடுறது இதுதான். நாலு பட்டாவுல எதுல 'ஆக்டிவ்'னு குறி இருக்கோ, அந்த ரூமுக்கு வழி விடும். வேற இயங்குதளம் வேணும்னா எஃப்டிஸ்க்ல போய்க் குறியை மாத்திட்டு, பொட்டியை அணைச்சுப் போடணும்.

கவனிச்சீங்களா? நாலு ரூமைப் பிரிச்சாங்க. ஆனா வாசல் ஒண்ணுதான். அந்தப் பொது வாசல் யாருக்குன்னு பத்திரத்துல எழுதலை. ஊர்ல பாகப்பிரிவினை பார்த்தவங்களுக்குத் தெரியும், ரூமுக்காக நடக்குற சண்டையை விடப் பொது வாசலுக்காகவும் கிணத்துக்காகவும் நடக்குற சண்டைதான் அதிகம். வன்தட்டுலயும் அதேதான் நடந்துச்சு.

இதுல ஒரு தமாஷ். பல இயங்குதளத்துக்காகப் போட்ட சுவரை, டாஸே தனக்காக உபயோகிச்சுக்கிச்சு. அந்தக் கால டாஸால ஒரு பாகத்துல 32 எம்பிக்கு மேல கையாள முடியாது. தட்டோ பெருசாகிட்டே போச்சு. 1987ல டாஸ் 3.3 வந்தப்போ 'எக்ஸ்டெண்டட்' பாகம்னு ஒண்ணைக் கொண்டு வந்து, ஒரு பட்டாவுக்குள்ள பல உள்பிரிவு போட்டாங்க. நம்ம வீடுகள்ல சி டிரைவ்ல விண்டோஸ், டி-ல படம், ஈ-ல பாட்டுன்னு பிரிச்சு வச்சோமே, அந்த வம்சம் இதுதான்.

அப்புறம் 1991. ஹெல்சிங்கில லினஸ் டோர்வால்ட்ஸ்னு ஒரு காலேஜ் பையன், மினிக்ஸ் இருந்த அதே பொட்டியிலதான் லினக்ஸை வளர்த்தார். அந்த வருஷக் கடைசியில ஒரு நாள், மோடம் வழியா யுனிவர்சிட்டி கம்ப்யூட்டருக்கு டயல் பண்ணப் போய், கைதவறி மோடத்துக்குப் பதிலா வன்தட்டோட பேரைக் கொடுத்துட்டார். டயல் பண்ணுற கட்டளை எல்லாம் நேரா மினிக்ஸ் பாகத்து மேல எழுதிருச்சு. மினிக்ஸ் காலி. திரும்பப் போடலாமா, இல்லை லினக்ஸையே தனியா நிக்கிற அளவுக்குத் தேத்தலாமான்னு யோசிச்சவர், ரெண்டாவதைப் பிடிச்சுக்கிட்டார். படிச்சப்போ எனக்கு ஒரு அல்ப ஆறுதல். அவரும் நம்ம ஜாதிதான்! என்ன, அவர் தப்புல ஒரு இயங்குதளம் தேறுச்சு. என் தப்புல அம்மாகிட்ட திட்டுதான் தேறுச்சு.

லினக்ஸ் வந்த அப்புறம்தான் வாசல் பிரச்சினை சூடு பிடிச்சது. வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதின லைலோ, பின்னாடி எரிக் போலின் 1995ல ஆரம்பிச்ச க்ரப், ரெண்டும் வாசல்ல நின்னு "யாரைப் பார்க்கணும்?"னு கேக்குற காவக்காரங்க. லைலோ ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் தன் பேர்ல ஒரு எழுத்தை அச்சடிக்கும். பழைய பயாஸ் முதல் 1024 சிலிண்டருக்கு அப்பால பார்க்காது. லைலோவுக்கு வேண்டிய கோப்பு அதுக்கு அந்தப் பக்கம் இருந்தா பாதி பேரோட லைலோ செத்துரும். சீனியர்கள் பலர் அந்தப் பாதிப் பேரைப் பார்த்து அழுதிருக்காங்க.

அதை விடப் பெரிய சோதனை, விண்டோஸை மறுபடி போடுறது. அது வந்ததும் யாரையும் கேக்காம வாசல் நிரலை மாத்தி எழுதிரும். லினக்ஸ் ரூம் பத்திரமா இருக்கும், போறதுக்குத்தான் வழி இருக்காது.

இது தொழில்நுட்பக் கோளாறு மட்டும்தானா? பிஇ-ங்கிற கம்பெனியோட கதையைக் கேளுங்க. பிஓஎஸ்னு அருமையான இயங்குதளம் வச்சிருந்தாங்க. 1990களோட கடைசியில ஹிட்டாச்சி ஜப்பான்ல விண்டோஸும் பிஓஎஸ்ஸும் சேர்த்துப் போட்ட பொட்டி விக்க முன்வந்துச்சு. வித்த பொட்டியில பிஓஎஸ் இருந்துச்சு, ஆனா எது வேணும்னு கேக்குற மெனு இல்லை. அதை எப்படி வெளியே கொண்டு வர்றதுன்னு வாங்கினவங்கதான் குறிப்பைத் தேடிப் படிச்சுச் செஞ்சுக்கணும். பொட்டி தயாரிப்பாளர்கள் மேல மைக்ரோசாஃப்ட் போட்ட உரிம நிபந்தனைதான் காரணம்னு சொல்லி, 2002ல பிஇ வழக்கு போட்டுச்சு. மைக்ரோசாஃப்ட் தப்பை ஒப்புக்காமலே 2003ல 2.325 கோடி டாலர் கொடுத்து முடிச்சுக்கிச்சு. அதுக்கு முன்னாடியே, 2001ல, பிஇ தன் சொத்தை பாம் கம்பெனிக்கு வித்தாச்சு.

அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மேல போட்ட ஏகபோக வழக்குல 2002 நவம்பர்ல வந்த தீர்ப்புல, 2011ல அது காலாவதியாகுற வரைக்கும், ஒரு ஷரத்து இருந்துச்சு. விண்டோஸ் கிளம்புறதுக்கு முன்னாடியே வேற இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கிற வசதியைப் பொட்டி தயாரிப்பாளர்கள் கொடுத்தா, மைக்ரோசாஃப்ட் தடுக்கக் கூடாதுன்னு. 446 பைட் வாசலுக்காக கோர்ட் எழுதி வச்ச பொதுவழிப் பாத்தியதை! எனக்கு இந்தப் பதிவோட மையமே இதுதான். தட்டைப் பிரிக்கிறது ஒரு நாளும் கஷ்டமா இருந்ததில்லை. யார் முதல்ல எழுந்திருக்கணும்னு முடிவு பண்ற உரிமைக்குத்தான் இத்தனை அடிதடி.

மிச்சத்தை வேகமா சொல்லிடறேன். பழைய அட்டவணையால 2 டெராபைட்டுக்கு மேல எண்ண முடியாது. அதனால யூஇஎஃப்ஐ-யும் ஜிபிடி-யும் வந்துச்சு. நாலு பட்டா 128 ஆச்சு. வாசலுக்குன்னே தனிப் பாகம், அதுல ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனி ஃபோல்டர். அப்பாடா, சண்டை முடிஞ்சதுன்னு நினைச்சா, 2012ல விண்டோஸ் 8 கூட 'செக்யூர் பூட்' வந்துச்சு. கையெழுத்து இருந்தாதான் உள்ளே விடும், பெரும்பாலான பொட்டியில அது மைக்ரோசாஃப்ட் கையெழுத்து. லினக்ஸ்காரங்களும் 'ஷிம்'னு ஒரு குட்டி நிரலுக்கு அங்கேயே கையெழுத்து வாங்கித்தான் கிளம்பறாங்க. 2024 ஆகஸ்ட்ல ஒரு விண்டோஸ் அப்டேட் வந்து, ரெண்டும் வச்சிருந்த பல பேரோட லினக்ஸ் கிளம்பாம நின்னுச்சு. 1983ல எழுதாம விட்ட பத்திரம், இன்னும் எழுதி முடியலை.

சரி, ஃபோட்டோ கதை. ஹாஸ்டல் சீனியர் ஒருத்தர் சொன்னார்: "டேய், டெலீட் பண்ணினா அழியறது பட்டா மட்டும்தான்டா, வீடு இடியாது. புதுசா எதுவும் எழுதாம அப்படியே கொண்டா." போட்டோரெக்னு ஒரு இலவச நிரலை ரெண்டு நாள் ஓட விட்டார். காப்பி ஓடின கொஞ்ச நேரத்துல மேல எழுதுப்பட்டது போக மீதி எல்லாம் வந்துச்சு. பேர் இல்லாம, தேதி இல்லாம, வெறும் எண்ணோட. அக்கா ஊர்ல இருந்து வந்து அம்மாவோட உட்கார்ந்து, இது நலங்கு, இது பந்தின்னு ஒவ்வொண்ணாப் பிரிச்சு வச்சா. தாலி கட்டுற ஃபோட்டோ மட்டும் மேல் பாதி இருக்கு, கீழ்ப் பாதி சாம்பல் கலர். மாமா முகம் தெரியுது, கை தெரியலை. அதை அக்கா இன்னும் டெலீட் பண்ணலை.

டிஸ்கி: பாகம் பிரிக்கிறதுக்கு முன்னாடி காப்பி எடுத்துக்கங்க சாமிகளா. உங்க கையால காலியான டிரைவ் கதை இருந்தா நீங்களும் ஒரு பதிவு போடுங்க. துணைக்கு ஆள் இருந்தா மனசு கொஞ்சம் தேறும்.