பெண்ணியப் பெயர் மறுப்பு: தாம்பரமும் தென்சென்னைப் புறநகரும்

ஆணும் பெண்ணும் சமம் என்பதை ஏற்றுக்கொண்டு, அதே வேளையில் 'பெண்ணியவாதி' என்ற பெயரை ஏற்க மறுக்கும் நிலைப்பாட்டைப் பற்றியது இக்கட்டுரை. "நான் பெண்ணியவாதி இல்ல, ஆனா..." என்று தொடங்கும் பேச்சு கல்லூரிப் பட்டிமன்றத்திலும் அலுவலகத்து மகளிர் தின விழாவிலும் திரைத்துறையினர் நேர்காணலிலும் அடிக்கடி கேட்கிறது. பலர் இதை இன்றைய இளைஞர்களின் தயக்கம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தாம்பரம் அடங்கிய செங்கல்பட்டு வட்டாரத்தின் வரலாறு அவ்வளவு எளிதாக முடிந்துவிடுவதில்லை. பெண்களின் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் இங்கே ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பொதுமேடையில் கேட்கப்பட்டவை. கேட்டவர்கள் யாரும் தங்களைப் பெண்ணியவாதி என்று சொல்லிக்கொள்ளவில்லை.

இங்கே தென்சென்னைப் புறநகர் என்பது பல்லாவரம் தொடங்கி குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் வழியாகச் செங்கல்பட்டு நோக்கி ரயில் பாதையை ஒட்டி வளர்ந்த பகுதியையும், கிழக்கே மேடவாக்கம், பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் வரை உள்ள பகுதியையும் குறிக்கும். சென்னைக் கடற்கரை – தாம்பரம் மின்ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து, 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது.

செங்கல்பட்டு மாநாடு

சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு 1929 பிப்ரவரி 17, 18 நாட்களில் செங்கல்பட்டில் நடந்தது. தலைமை தாங்கியவர் டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போட்டுக்கொள்வதை விடவேண்டும் என்ற தீர்மானத்துக்காகவே இம்மாநாடு இன்று அதிகம் நினைக்கப்படுகிறது. பெண்களைப் பற்றிய தீர்மானங்களும் அதே அளவுக்கு எடையுள்ளவை. சொத்தில் ஆணுக்குச் சமமான பங்கு, விரும்பிய தொழில் செய்யும் உரிமை, பெண்ணின் திருமண வயதை 16க்கு மேல் உயர்த்துவது, கைம்பெண் மறுமணம், மணவிலக்கு உரிமை, சாதி பாராமல் துணையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை, தொடக்கப்பள்ளி ஆசிரியர் பணியைப் பெண்களுக்கே தருவது ஆகியவை அவற்றுள் அடங்கும். இந்துப் பெண்ணுக்கு மணவிலக்கு என்பதே பெரும்பாலோரின் கற்பனைக்கு எட்டாத காலம் அது.

இவற்றை முன்வைத்தவர்களுக்குப் பெண்ணடிமைத்தனம் தனிநோயாகத் தெரியவில்லை. சாதி, மதம், சொத்து, திருமணம் எல்லாம் ஒரே கட்டுமானத்தின் பகுதிகள். ஒன்றை மட்டும் தட்டி மற்றதை விட்டுவைக்க முடியாது என்பது அவர்களின் வாதம். அதனால்தான் 'சுயமரியாதை' என்ற ஒரே பெயர் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஆண்கள் முயன்று பெண்களுக்கு விடுதலை வராது என்று அவ்வியக்கத்தின் தலைவர் ஈ.வெ.ரா. எழுதியதையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். இன்றைய அளவுகோலில் அவரைத் தீவிரப் பெண்ணியவாதி என்று வகைப்படுத்துவது எளிது. ஆனால் அந்த வகைப்பாடு பின்னால் வந்தவர்கள் செய்தது.

தீர்மானங்கள் சட்டமான வேகம் சீரானதல்ல. சுயமரியாதைத் திருமணங்களுக்கு அண்ணா ஆட்சியில் 1967இல் இயற்றிய சட்டம் ஏற்பு தந்தது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனோடு சமபங்கு தரும் திருத்தம் மு. கருணாநிதி ஆட்சியில், 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. இத்தகைய சட்டத்தை ஆந்திரம் சில ஆண்டுகளுக்கு முன்பே கொண்டுவந்துவிட்டது என்பதைத் தமிழ்நாட்டுப் பெருமைப் பேச்சு வழக்கமாக விட்டுவிடும். தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஓர் ஓட்டையும் இருந்தது: அந்த நாளுக்கு முன்பே மணமான மகள்களுக்கு அது பொருந்தவில்லை. அவர்கள் 2005இல் நாடாளுமன்றம் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தும்வரை காத்திருந்தார்கள்.

அடையாறும் பல்லாவரமும்

செங்கல்பட்டுக்கு 12 ஆண்டுகள் முன்பு, 1917இல், அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. டோரதி ஜினராஜதாசாவும் மார்கரெட் கசின்சும் அன்னி பெசண்டும் அதன் முன்னோடிகள். அவ்வாண்டு டிசம்பரில் இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகுவைச் சென்னையில் சந்தித்து வாக்குரிமை கேட்ட பெண்கள் குழுவுக்குச் சரோஜினி நாயுடு தலைமை வகித்தார். பெண்களுக்கு வாக்குரிமை தந்த முதல் பிரிட்டிஷ் இந்திய மாகாணம் சென்னைதான், ஆண்டு 1921. இதே சரோஜினி, 1930இல் பம்பாயில் கூடிய அனைத்திந்திய மாதர் மாநாட்டின் தலைவராகப் பேசும்போது, தான் பெண்ணியவாதி அல்ல என்று அறிவித்தார். அப்பெயரை ஏற்பது இந்தியப் பெண் தாழ்த்தப்பட்டவள் என்று தானே ஒப்புக்கொள்வதாகும் என்ற போக்கில் அவர் வாதம் சென்றது. அந்நிய ஆட்சி இந்தியப் பெண்ணின் நிலையைக் காட்டியே தன்னை நியாயப்படுத்திக்கொண்டிருந்த காலத்தில் அது அரசியல் கணக்கோடு சொன்ன மறுப்பு. சமூக உண்மையாக அதை ஏற்பதற்கில்லை.

பல்லாவரத்துக் கதை இன்னும் சுவையானது. தனித்தமிழ் அறிஞர் மறைமலையடிகள் 1911இல் அங்கே குடியேறினார். அவர் மகள் நீலாம்பிகை தனித்தமிழ் ஆய்வில் தந்தைக்குச் சளைக்காதவர். வடசொற்களுக்குத் தமிழ் தரும் அகரவரிசை ஒன்றைத் தொகுத்தவர். சைவப் பற்று மிக்க குடும்பம். 1920களின் இறுதியில் மறைமலையடிகளுக்கும் சுயமரியாதை இயக்கத்தாருக்கும் சைவம் பற்றி மோதலே நடந்தது. இருந்தும் 1938 நவம்பர் 13 அன்று சென்னை ஒற்றைவாடை அரங்கில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டுக்கு நீலாம்பிகை தலைமை தாங்கினார். ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்ற பட்டத்தைத் தீர்மானமாகத் தந்தது அந்த மாநாடுதான். மறுநாளே மருத்துவர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் முதலானோர் இந்தி எதிர்ப்பு மறியலில் கைதானார்கள். சைவப் புலமையில் வளர்ந்தவரும் நாத்திகரைக் கொண்டாடியவர்களும் ஒரே மேடையில் அமர முடிந்தது. 'நீங்கள் என்ன வாதி?' என்பது அங்கே நுழைவுக் கேள்வியாக இருந்திருந்தால் அந்தக் கூட்டம் கூடியிருக்காது.

தற்செயலாக அதே 1938இல்தான் வர்ஜீனியா வுல்ஃப் இங்கிலாந்திலிருந்து 'பெண்ணியவாதி' என்ற சொல்லைத் தாளில் எழுதிக் கொளுத்திவிடலாம் என்று எழுதினார். பொருளீட்டும் உரிமை கிடைத்துவிட்டது, இனி அச்சொல்லுக்கு வேலையில்லை என்பது அவர் சொன்ன காரணம். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் அனுபவத்துக்குத் தனிப் பெயர் வேண்டும் என்று ஆலிஸ் வாக்கர் 1983இல் வெளியான தன் கட்டுரை நூலில் 'வுமனிஸ்ட்' என்பதை விளக்கினார். தில்லி 'மானுஷி' இதழின் ஆசிரியர் மது கிஷ்வர் 1990இல், தன்னை ஏன் பெண்ணியவாதி என்று அழைத்துக்கொள்வதில்லை என்று நீண்ட கட்டுரையே எழுதினார். பெயர் மறுப்புக்கு உலகெங்கும் கிளைகள் உண்டு.

மறுப்பின் வகைகள்

எல்லா மறுப்பையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இடதுசாரிப் பெண்களின் மறுப்பு வர்க்கம் சார்ந்தது. பாப்பா உமாநாத், கே. பி. ஜானகி அம்மாள், மைதிலி சிவராமன் ஆகியோர் 1970களில் தமிழ்நாட்டில் கட்டிய ஜனநாயக மாதர் சங்கமும், 1981இல் சென்னையில் பிறந்த அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கமும் வரதட்சிணை, ரேஷன், குடிநீர், காவல் நிலைய வன்முறை என்று தெருவில் இறங்கிப் போராடின. ஆண் தொழிலாளியை எதிரியாக நிறுத்தும் அரசியல் என்று தாங்கள் கருதிய பெண்ணியத்திலிருந்து அவ்வணியினர் பலர் விலகி நின்றார்கள். தலித் பெண்களின் எதிர்ப்பு வேறு இடத்திலிருந்து வந்தது. மேல்சாதிப் பெண்ணின் வீட்டையும் அவள் சிக்கலையும் மட்டுமே பார்க்கும் பெண்ணியத்தில் தங்கள் வயலும் தங்கள் தெருவும் எங்கே என்று அவர்கள் கேட்டார்கள். ரூத் மனோரமா முன்நின்று 1995இல் உருவான தலித் பெண்கள் தேசியக் கூட்டமைப்பு இக்கேள்வியின் அமைப்பு வடிவம். இவ்விரண்டு மறுப்பும் சமத்துவத்தின் எல்லையை விரித்தன.

மூன்றாவது, பெண்கள் தங்கள் பாதுகாப்புக்காகப் போட்டுக்கொள்ளும் வேலி. பெண்ணியவாதி என்றால் 'அடங்காதவள்', 'குடும்பத்தைக் கெடுப்பவள்', 'ஆண்களை வெறுப்பவள்' என்று பொருள் கொள்ளும் உறவினர் கூட்டத்தில், வரன் பார்க்கும் வயதில் இருக்கும் பெண் அப்பெயரைத் தள்ளிவைப்பதில் வியப்பில்லை. அவள் தன் சம்பளத்தைத் தானே கையாள்வாள், திருமணத்துக்குப் பிறகும் வேலையை விடமாட்டாள். வாயால் மட்டும் மறுப்பாள். அவளைக் கோழை என்று சொல்வது மேடையில் நிற்பவருக்கு எளிது.

நான்காவது, பெரும்பாலும் ஆண்களிடம் காண்பது. 'எனக்கு எல்லாரும் சமம், தனியாகப் பெண்ணியம் எதற்கு?' என்பார்கள். கேட்க நியாயமாகவே இருக்கும். சோதித்துப் பார்க்கும் இடம் சார்பதிவாளர் அலுவலகம். தந்தை இறந்தபின் மகள்கள் தங்கள் பங்கைச் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடுவது தமிழ்நாடெங்கும் வழக்கம். 'உனக்குத்தான் நகையும் சீரும் செய்தாச்சே' என்பதே அதற்கான காரணம். ஏரியும் வயலுமாக இருந்த மேடவாக்கத்திலும் சேலையூரிலும் மனை விலை ஏறியபின் அந்தக் கையெழுத்தின் மதிப்பும் ஏறியிருக்கிறது. எல்லாரும் சமம் என்பவர் தங்கையின் பங்கைக் கேட்காமலே கொடுத்தாரா என்பது, அவர் தனக்கு என்ன பெயர் வைத்துக்கொள்கிறார் என்பதைவிட நல்ல அளவுகோல்.

வேலை, இரவு, அறை

தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் அமைந்த ஏற்றுமதி மண்டலத்தை ஊரார் 'மெப்ஸ்' என்பார்கள். ஆயத்த ஆடை, மின்னணுப் பிரிவுகளில் பெண்கள் பெருமளவில் வேலை செய்கிறார்கள். இந்தியத் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களில் ஐந்தில் இருவருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்பதையும் இங்கே நினைக்கலாம். இவர்களின் கோரிக்கை மொழியில் சம்பளம், பி.எஃப்., ஓவர்டைம், கழிப்பறை, பிள்ளைக் காப்பகம் ஆகியவையே வரும்.

பெண்களை இரவில் தொழிற்சாலை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற தொழிற்சாலைகள் சட்டப் பிரிவை 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. வழக்கில் பெண் தொழிலாளர்களும் மனுதாரர்கள். சட்டத்தின் முன் சமம் என்ற அரசியலமைப்பு உரிமையே தீர்ப்பின் அடிப்படை. ஆனால் வெறுமனே கதவைத் திறந்துவிடாமல், போக்குவரத்து வசதி, குழுவாகப் பணியமர்த்தல், தொல்லைகளிலிருந்து பாதுகாப்பு என்று நிபந்தனைகளையும் நீதிமன்றம் விதித்தது. ரயிலின் லேடீஸ் கம்பார்ட்மெண்டும் இதே வகைதான்: தனி ஏற்பாடு எதற்கு என்று கேட்பவர்கள் மாலை ஆறரை மணிக்குப் பூங்கா ரயில் நிலையத்தில் ஏறித் தாம்பரம் வரை பொதுப்பெட்டியில் வந்து பார்த்த பெண்களிடம் கேட்கலாம். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்ற 2021ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் ஆண், பெண் இருவருக்கும் பொது. ஆனால் துணிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுக்க நின்றிருந்தவர்களில் பெண்களே மிகுதி.

வேலைக்கு வந்த பெண்ணுக்கு அடுத்த சிக்கல் தங்குமிடம். 'ஃபேமிலிக்கு மட்டும்' என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் புறநகரில் ஏராளம். பணிபுரியும் மகளிருக்கான அரசின் 'தோழி' விடுதி 2023இல் தாம்பரத்தில் திறக்கப்பட்டது. இன்னொரு பக்கம், நகரத்தின் ஆற்றோரங்களிலிருந்து கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்ட பெண்களில் பலர் வீட்டுவேலை செய்பவர்கள்; பழைய வேலைவீடுகள் தூரமாகிவிட்டன. ஐ.டி. நெடுஞ்சாலையில் பதவி உயர்வு பெறும் பெண்ணின் சமையலறையை இவர்களில் ஒருத்திதான் நடத்துகிறாள். அவளுக்கு வார விடுமுறை உண்டா என்ற கேள்வி, பெண்ணியவாதி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்களை நோக்கியும் எழுகிறது.

பதவிகள்

உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் என்று தமிழ்நாடு 2016இல் சட்டம் இயற்றியது. தாம்பரம் மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு, 2022 மார்ச்சில் 25 வயது வசந்தகுமாரி கமலக்கண்ணன் அம்மாநகராட்சியின் முதல் மேயரானார். அதே மாதம் சென்னைக்கு ஆர். பிரியா மேயரானார். ஒதுக்கீடு இல்லாமல் கட்சிகள் இத்தனை பெண்களை நிறுத்தியிருக்கும் என்று நம்ப வரலாறு இடம் தரவில்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் பல ஊர்களில் 'கவுன்சிலர் வீட்டுக்காரர்' கூட்டத்துக்கு வருவதும் கையெழுத்தைத் தவிர மற்றதெல்லாம் அவரே செய்வதும் இன்னும் மாறாத பழக்கம்.

சட்டமன்றங்களிலும் மக்களவையிலும் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கும் 106ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 2023 செப்டம்பரில் நிறைவேறியது. மக்களவையில் ஆதரித்தவர்கள் 454 பேர், எதிர்த்தவர்கள் 2 பேர். அவ்வளவு பேர் சமத்துவத்தை ஆதரித்தும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே ஒதுக்கீடு நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனையோடுதான் அந்தத் திருத்தம் எழுதப்பட்டது.