கல்குடாக் கடலின் வெண்மார்பு மீன்

கல்குடாவை உள்ளிட்ட கீழ்க்கரைப் பவளப் பாறைகளில் உலவும் நீல மீன் ஒன்றன்மேல், கடல்நீர்த் தொட்டி வளர்ப்போர் உலகெங்கும் தீராத ஆசை கொண்டுள்ளனர். நீல உடல், கரிய முகம், வெண்மார்பு, மஞ்சள் முதுகுத்துடுப்பு. வாலடியிற் கத்திபோன்ற முள். 1833-ஆம் ஆண்டில் எட்வர்ட் பென்னற் என்னும் ஆங்கில அறிஞர், இலங்கையிற் கிடைத்த மீனைக்கொண்டே இதற்கு அறிவியற்பெயர் சூட்டினார். வெண்மார்பே அப்பெயரின் பொருள். ஒரு நூற்றாண்டின்பின், 1930களில், இலங்கைப் பவளப்பாறை மீன்கள் ஏற்றுமதிப் பொருளாயின. தென்மேல் பருவக்காற்று மேல்கரைக் கடலைக் கலக்கும் மாதங்களிற் சுழியோடிகள் கீழ்க்கரையை நாடலாயினர். பிடிப்பதினும் வாழவைப்பதே அரிது. பரந்த பாறையில் நாள்முழுதும் பாசி மேய்ந்து, தன் எல்லையைச் சண்டையிட்டுக் காக்கும் மீனுக்குக் கண்ணாடித் தொட்டி சிறையன்றோ! அங்கு வெண்புள்ளி நோய் இதனை விரைவிற் பற்றும். 1998-இல் கடல் வெப்பமுற்று இலங்கைப் பவளங்கள் பல வெளிறி மாண்டபோது, இம்மீனின் புகலிடமும் சுருங்கிற்று.