முதல் பத்து வருஷம், ஒரே தொகுதி

பொங்கல் முடிந்ததும் பாண்டி பஜார் பக்கம் போய்ப் பாருங்கள். டிசம்பரில் முழு விலைக்கு விற்ற டைரிகள் பாதி விலைக்கு வந்திருக்கும். வாங்கியவர்கள் வீட்டில் அதற்குள் எத்தனை பக்கம் நிரம்பியிருக்கும் என்பது ஊரறிந்த ரகசியம். ஜனவரி 1 அன்று பக்கம் முழுக்க எழுத்து, 5ஆம் தேதி நாலு வரி, அப்புறம் பால் கணக்கு.

இந்தப் பாண்டிக்கும் புதுச்சேரிக்கும் சம்பந்தமில்லை. நீதிக்கட்சிக்காரர் டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார் பெயர் சுருங்கி பாண்டி பஜார் ஆனது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஆனால் நான் எழுத வந்த ஆள் நிஜமான பாண்டிக்காரர். பிறந்தது மட்டும் நம்ம பெரம்பூரில், 1709இல். பெயர் ஆனந்தரங்கம் பிள்ளை.

அவர் நாட்குறிப்பு 1736 செப்டம்பர் 6 அன்று தொடங்குகிறது. அப்போது வயது 27. கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, வந்து போகும் கப்பல்கள், இதையெல்லாம் எழுதப் போகிறேன் என்று ஒரு அறிவிப்போடு ஆரம்பிக்கிறார். நாம் ஜனவரி 1 அன்று செய்வதும் இதேதான். வித்தியாசம், அவர் 1761 ஜனவரியில் சாகும்வரை எழுதினார். 24 வருஷத்துக்கும் மேல். உலகப் புகழ் பெற்ற லண்டன் டைரிக்காரர் சாமுவேல் பெப்பிஸ் எழுதியது 1660 முதல் 1669 வரைதான்; கண் போய்விடுமோ என்று பயந்து நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகும் 34 வருஷம் வாழ்ந்தார்.

சரி, பிள்ளை எப்படி விடாமல் எழுதினார்? "மன உறுதி" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அச்சான தொகுதிகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் வேறொரு விஷயம் கண்ணில் படும்.

ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகள். முதல் தொகுதி 1736இலிருந்து 1746 வரை கிட்டத்தட்ட பத்து வருஷத்தை அடக்கிவிடுகிறது. மீதி 15 வருஷத்துக்கு 11 தொகுதிகள். அதிலும் இரண்டாம் தொகுதி 1746இன் சில மாதங்களிலேயே நிரம்பிவிட்டது. இந்த விநியோகத்தை கிராஃபாகப் போட்டால் நம் டைரிகளின் கிராஃபுக்கு நேர் தலைகீழாக இருக்கும். நமக்கு ஆரம்பத்தில் உச்சம், அப்புறம் சரிவு. அவருக்குப் பத்து வருஷம் தரையோடு தரையாக ஒரு கோடு, அப்புறம் ஏற்றம்.

அந்தப் பத்து வருஷத்தில் நிறைய இடைவெளி இருக்கிறது. சில ஏடுகள் தொலைந்தும் போயின, எல்லாவற்றையும் அவர் கணக்கில் எழுத முடியாது. இருக்கிற பதிவுகளிலும் பல சாதாரணமானவை: கப்பல் வந்தது, சரக்கு, துணி, நாணயச்சாலை அனுமதி விவகாரம், குவர்னருக்குப் போட்ட பீரங்கி மரியாதை எத்தனை. இப்போதைய பழக்கச் செயலிகள் ஒரு நாள் தவறினாலே எண்ணிக்கையைப் பூஜ்யத்துக்குத் தள்ளிவிடும். அந்தச் செயலி கையில் இருந்திருந்தால் பிள்ளை 1738லேயே அதை அழித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருப்பார். அவர் செய்தது ரொம்ப எளிது. விட்டுப்போன நாட்களுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உட்காராமல், அடுத்த தேதியைப் போட்டு எழுத ஆரம்பித்தார்.

இதற்கு அவர் தொழிலும் காரணம் என்பது என் கணிப்பு. வியாபாரி வீட்டுப் பிள்ளை. பேரேடு எழுத யாருக்கும் உற்சாகம் தேவையில்லை. இரண்டு நாள் விட்டாலும் மூன்றாம் நாள் எழுதித்தான் ஆகவேண்டும். நாட்குறிப்பை அவர் கிட்டத்தட்ட அதன் தொடர்ச்சியாகவே வைத்திருக்கிறார். நடையும் அப்படித்தான்: புள்ளி, நிறுத்தக்குறி பார்க்காமல் ஓடும் பேச்சுத்தமிழ், நடுநடுவே முசே, கும்பினி, பாதிரி. அழகாக எழுதவேண்டும் என்ற பாரம் அதில் இல்லை.

இன்னொரு காரணமும் இருக்கலாம், கொஞ்சம் இருண்டது. அவர் மாமா நைனியப்ப பிள்ளை பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகர். 1716இல் அவரைக் கைது செய்து, கலகம் செய்தார் என்று குற்றம் சாட்டி, கசையடியும் சிறையும் பெரிய அபராதமும் விதித்தார்கள். விசாரணை அவர் பேசிய தமிழிலிருந்து போர்த்துகீசியத்துக்கும் அங்கிருந்து பிரெஞ்சுக்கும் போனது. 1717இல் சிறையிலேயே இறந்தார். தண்டனை தப்பு என்று பிற்பாடுதான் முடிவானது. யார் எந்த நாளில் என்ன சொன்னார் என்பது உயிர் விஷயம் என்று கற்றுக்கொடுத்த வீடு அது. அங்கே வளர்ந்த பையன் தேதி போட்டு எழுதியதில் ஆச்சரியமில்லை.

1746க்கு வருவோம். அந்த செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள். அதே வருஷம் அடையாற்றங்கரையில் (தி.நகரிலிருந்து கூப்பிடு தூரம்தான்) ஆற்காட்டு நவாபின் பெரிய படையை ஒரு சிறிய பிரெஞ்சுப் படை விரட்டியது. அடுத்த வருஷம் பிள்ளை துய்ப்ளெக்ஸின் தலைமைத் துபாஷி ஆனார். வரலாறு அவர் வாசலுக்கு வந்தபோது பேனா ஏற்கெனவே கையில் இருந்தது. கப்பல் எண்ணிக்கை எழுதிப் பழகிய கை அது. 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் முற்றுகைக்கு நடுவில் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்ட நிகழ்ச்சியை அந்த நாட்களின் சூட்டோடு ஒரு தமிழர் எழுதி வைத்தது இதனால்தான் நமக்குக் கிடைக்கிறது.

அவரைப் புனிதராக்க எனக்கு உத்தேசமில்லை. தற்பெருமை நிறைய, ஜாதகப் பித்து, தரகில் கண். துய்ப்ளெக்ஸின் மனைவி மேல் இருந்த பகை பக்கம் பக்கமாக ஓடுகிறது. ஒரு பகை வருஷக்கணக்கில் எழுத வைக்கும் என்றும் தெரிகிறது, அதையும் ஒதுக்க முடியாது.

எனக்கு உண்மையில் பெரிதாகப் படுவது அதற்கப்புறம்தான். 1754இல் துய்ப்ளெக்ஸ் திரும்ப அழைக்கப்பட்டார். 1756இல் பிள்ளையின் பதவியும் போனது. உடம்பு சரியில்லை, செல்வாக்கு இல்லை, ரகசியம் சொல்ல வருபவர்களும் குறைவு. எழுதுவதற்கு அதற்கு முன் இருந்த எல்லாத் தூண்டுதலும் போய்விட்டது. ஆனாலும் கடைசித் தொகுதிகள் மெலிந்துவிடவில்லை. 1761 ஜனவரி 12 அன்று இறந்தார். நாலே நாளில், 16ஆம் தேதி, புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது.

அதற்குப் பிறகு 85 வருஷம் அந்த ஏடுகள் யார் கண்ணிலும் படவில்லை. 1846இல் கலுவா மோம்பிரோன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்துப் படியெடுத்தார். ஆங்கிலத் தொகுதிகள் 1904இல் வர ஆரம்பித்து 1928இல் முடிந்தன. எழுத 24 வருஷம், மொழிபெயர்த்து அச்சிடவும் 24 வருஷம்! பிரைஸும் ரங்காச்சாரியும் தொடங்கிய வேலையை நாலாம் தொகுதியிலிருந்து டாட்வெல் ஏற்றுக்கொண்டார். தமிழ் மூலத்தை 1948 முதல் புதுச்சேரியில் ஞானு தியாகு பதிப்பித்தார். பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்' நாவலுக்கு அடித்தளம் இந்த நாட்குறிப்புதான்.

பழக்கம் பிள்ளையோடு நிற்கவில்லை. அவர் இறந்தபின் குடும்பத்தில் திருவேங்கடம் பிள்ளை தொடர்ந்து எழுதினார். பிறகு ஊர்க்காவல் அதிகாரியாக இருந்த இரண்டாம் வீரா நாயக்கர் 1778 முதல் 1792 வரை எழுதினார். பிரெஞ்சுப் புரட்சி பாண்டிச்சேரித் தெருவுக்கு வந்து சேர்ந்த கதை அதில் இருக்கிறது. அதுவும் அச்சில் வந்திருக்கிறது.