முன் பிறேக்குக்குப் பயப்படும் பழக்கமும் அதன் விலையும்

"முன் பிறேக்கைப் பிடிக்காதே, தூக்கி எறிஞ்சுபோடும்." மோட்டார் சைக்கிள் ஓடப் பழகிய நாட்களில் இந்தப் புத்திமதியைக் கேட்காதவர்கள் எம்மில் மிகக் குறைவு. அப்பாவோ அண்ணாவோ சொல்லிக் கொடுத்தது, இன்று நாம் எமது பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக் கொடுக்கிறோம்.

அந்தப் புத்திமதி காரணமில்லாமல் வந்ததல்ல. யுத்த காலத்தில் எமது வீதிகள் தார் பெயர்ந்து, கிடங்கும் கல்லும் மணலுமாகக் கிடந்தன. ஓடியவை பெரும்பாலும் எம்.டி. 90, சாலி, சி.டி. 125 போன்ற பழைய ஹொண்டாக்கள். பொருளாதாரத் தடையால் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. முன் பிறேக் கேபிள் அறுந்தால் மாற்றுக் கேபிள் கிடைப்பது அரிது. கால் பிறேக் ஒன்றை நம்பியே பலர் ஓடினார்கள். மணலிலும் கிரவலிலும் மெதுவாகப் போகும்போது முன் சில்லு இறுகி நின்றால் விழுவது நிச்சயம். ஆகவே அன்றைய வீதிக்கும் அன்றைய வேகத்துக்கும் அந்தப் பழக்கம் ஓரளவு பொருந்தியது.

இன்று ஏ9 வீதியும் பல உள்வீதிகளும் கார்பெட் வீதிகளாகிவிட்டன. 150 சிசி மோட்டார் சைக்கிள்கள் மணிக்கு 60, 70 கிலோமீற்றரை நொடியில் எட்டுகின்றன. முன் சில்லில் டிஸ்க் பிறேக் பூட்டியிருக்கிறது. ஆனால் வலக்காலால் மட்டும் மிதித்து நிறுத்தும் பழக்கம் மாறவில்லை. ஷெல்லுக்கும் குண்டுக்கும் தப்பி வந்த குடும்பங்கள் வீதியில் உயிர்களை இழந்துகொண்டிருக்கும்போது, இந்தப் பழக்கத்தின் விலை என்னவென்று பார்ப்பது அவசியம்.

கணக்கு சொல்வது என்ன?

மணிக்கு 60 கிலோமீற்றர் என்பது ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 17 மீற்றர். மாடு குறுக்கே வருவதைக் கண்டு, மூளை அதை உணர்ந்து, கை பிறேக்குக்குப் போவதற்குள் ஒரு செக்கன் போய்விடும். அந்த 17 மீற்றர் பிறேக் பிடிக்காமலே கடந்த தூரம்.

அதன் பிறகு, காய்ந்த தார் வீதியில், நல்ல ரயர்களுடன், இரண்டு பிறேக்கையும் சரியாகப் பிடித்தால் ஏறத்தாழ 20 மீற்றரில் நிற்கலாம். பின் பிறேக்கை மட்டும் பிடித்தால் அதுவே 40 மீற்றர் அளவுக்கு நீளும். அதாவது ஒருவர் மொத்தம் 37 மீற்றரில் நிற்கிறார், மற்றவருக்கு 57 மீற்றர் வேண்டும்.

இந்த 20 மீற்றர் வித்தியாசத்தை வேறு விதமாகவும் பார்க்கலாம். முதலாமவர் முற்றாக நின்றுவிட்ட அதே இடத்தைக் கடக்கும்போது, கால் பிறேக்கை மட்டும் மிதித்தவர் இன்னும் மணிக்கு 42 கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். அந்த இடத்தில் ஒரு பஸ்ஸின் பின்புறம் இருந்தால், ஒருவர் வீட்டுக்குப் போவார், மற்றவர் வைத்தியசாலைக்குப் போவார்.

வேகம் இரட்டித்தால் பிறேக் தூரம் நாலு மடங்காகும். 30இல் 5 மீற்றர், 60இல் 20 மீற்றர். 30இல் ஓடிய காலத்துப் பழக்கத்தை 60இல் வைத்திருக்க முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

முன் சில்லு ஏன் கூடுதலாகப் பிடிக்கிறது?

பஸ் திடீரென நிற்கும்போது நாம் முன்னுக்குச் சாய்கிறோம் அல்லவா? மோட்டார் சைக்கிளிலும் அதேதான் நடக்கிறது. பிறேக் பிடித்தவுடன் பாரம் முன் சில்லுக்கு மாறுகிறது. முன் ஷொக் அமுங்குகிறது, முன் ரயர் வீதியில் அழுத்தமாகப் பதிகிறது. பாரம் கூடக் கூட அந்த ரயரின் பிடியும் கூடும். அதே நேரம் பின் சில்லில் பாரம் குறைவதால், காலை ஓங்கி மிதித்தால் பின் சில்லு சுழலாமல் இறுகி இழுபட்டுப் போகும். வீதியில் கறுப்புக் கோடு விழும், வண்டி நிற்காது.

இங்கே முக்கியமான ஒன்று இருக்கிறது. பாரம் முன்னுக்கு வருவதற்குச் சிறிது நேரம் வேண்டும். அது வருவதற்கு முன்னரே லீவரைப் பட்டென்று பறித்துப் பிடித்தால், முன் ரயர் பிடி கிடைக்காமல் வழுக்கும். தூக்கி எறிந்தது முன் பிறேக் அல்ல, அதைப் பிடித்த விதம்.

லீவர் சொல்லும் செய்தி

டிஸ்க் பிறேக்கில் லீவரை அமுக்கும்போது மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிறேக் ஒயில் அழுத்தப்பட்டு, குழாய் வழியாகப் போய், பாட்களை டிஸ்க்கில் நெருக்குகிறது. திரவம் அமுங்காது என்பதால் விரலின் அழுத்தம் அப்படியே சில்லுக்குப் போகிறது. டிரம் பிறேக்கில் அந்த வேலையைக் கேபிள் செய்கிறது. இரண்டிலும் கோளாறு எதுவாயினும் முதலில் விரலுக்குத்தான் தெரியும். தினமும் புறப்படும் முன் ஒரு தடவை லீவரை அமுக்கிப் பாருங்கள்.

ஸ்பொஞ்ச் போல அமுங்கினால்: பிறேக் ஒயிலில் காற்றுப் புகுந்திருக்கலாம். காற்று அமுங்கும் என்பதால் விரலின் பலம் அதிலேயே செலவாகிவிடும். காற்றெடுக்க வேண்டும்.

அமுக்கிப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால்: மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீல் தேய்ந்திருக்கலாம், அல்லது எங்கோ ஒயில் கசிகிறது. அரை நிமிடம் இறுக்கிப் பிடித்துப் பார்த்தால் தெரியும். இந்த நிலையில் ஓடக் கூடாது.

கட்டையைப் பிடிப்பதுபோல் இறுகியிருந்தும் வண்டி நிற்காவிட்டால்: கலிப்பரின் பிஸ்டன் துரு ஏறி இறுகியிருக்கலாம், அல்லது பாட்களில் ஒயில் பட்டிருக்கலாம். கழிவு ஒயிலை வண்டிக்கு அடிக்கும் வழக்கம் எம்மிடம் உண்டு. அது டிஸ்க்கில் ஒரு துளி பட்டாலும் பிறேக் கெட்டுவிடும். கரையோரக் கிராமங்களில் உப்புக் காற்று இந்தத் துருவை விரைவாக்கும்.

விரலில் துடிப்புத் தெரிந்தால்: டிஸ்க் வளைந்திருக்கலாம். ஏபிஎஸ் உள்ள வண்டியில் கடும் பிறேக்கின்போது மட்டும் துடித்தால் அது ஏபிஎஸ் வேலை செய்வதன் அடையாளம். பயந்து கையை விடக் கூடாது.

லீவர் கைப்பிடியைத் தொட்டால்: கேபிள் தளர்ந்திருக்கிறது, அல்லது பிறேக் சூ தேய்ந்திருக்கிறது. டிரம் பிறேக்கில் லீவரின் நுனி 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை சும்மா அசைந்து, அதன் பின் பிடிக்கத் தொடங்குவது பொதுவான அளவு. கேபிளின் நுனியில் ஒரு நார் அறுந்திருந்தாலும் உடனே மாற்றுங்கள். மிச்ச நார்கள் அறுவது அவசரமாகப் பிடிக்கும் நேரத்தில்தான்.

டொட் 3, டொட் 4 வகை பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஒயில் குறைந்த சூட்டிலேயே கொதித்து ஆவிக் குமிழ்களை உண்டாக்கும், லீவர் வெறுமையாக இறங்கும். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மூடியில் எந்த வகை எழுதியிருக்கிறதோ அதையே, புதிதாகத் திறந்த போத்தலிலிருந்து விட வேண்டும். இயந்திர ஒயிலை ஒருபோதும் விடக் கூடாது, ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 வரை தடைப்பட்டிருந்ததால், எமது வீதிகளில் ஓடுபவற்றில் பல வருடம் பழசான வண்டிகள் நிறைய உண்டு. இவற்றில் இந்தச் சோதனைகள் இன்னும் முக்கியமானவை.

அவசரத்தில் நிறுத்துவது எப்படி?

ஆபத்து வரக்கூடிய இடங்களில், அதாவது சந்தி, பாடசாலை வாசல், நிற்கும் பஸ், வீதியோர மாடுகள், இரண்டு விரல்களை முன் லீவரின் மேல் வைத்துக்கொண்டு ஓடுங்கள். கால் செக்கன் மிச்சப்பட்டால்கூட 60இல் அது 4 மீற்றர்.

நிறுத்த வேண்டி வந்தால் எக்சிலேற்றரை முற்றாக விட்டு, ஹாண்டிலை நேராக வையுங்கள். லீவரை முதலில் பாட் டிஸ்க்கைத் தொடும் வரை மெல்ல எடுங்கள். முன் ஷொக் அமுங்குவதை உணர்ந்ததும் அழுத்தத்தை வேகமாகக் கூட்டுங்கள். ஈரத்துணியைப் பிழிவதுபோல், விடாமல் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இதெல்லாம் ஒரு செக்கனுக்குள் நடந்துவிடும். கூடவே வலக்காலால் பின் பிறேக்கை அளவாக மிதியுங்கள். முழங்கால்களால் பெற்றோல் டாங்கியை இறுக்கிக்கொண்டால் உடல் பாரம் கைகளில் விழாது. கிளச்சைக் கடைசியில் பிடித்தால் போதும். பார்வை, மோதப் போகும் பொருளில் அல்லாமல், தப்பக்கூடிய வழியில் இருக்கட்டும்.

முன் சில்லு இறுகினால் ஹாண்டில் திடீரெனப் பாரமற்றுப் போனதுபோல் இருக்கும். அந்தக் கணமே லீவரைத் தளர்த்தி, மீண்டும் மெல்லப் பிடியுங்கள். வளைவில் சாய்ந்திருக்கும்போது கடும் பிறேக் பிடிக்கக் கூடாது. வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறையுங்கள், தவிர்க்க முடியாவிட்டால் வண்டியை நிமிர்த்திய பின் பிடியுங்கள்.

பின்னால் மனைவி, பிள்ளைகள் இருந்தால் பின் சில்லில் பாரம் கூடும். அப்போது பின் பிறேக்கும் நன்றாக உதவும், அதையும் கூடுதலாகப் பயன்படுத்தலாம். ஆனால் நிற்கும் தூரம் கூடும், பின்னால் இருப்பவர் உங்கள் மேல் சாய்வார். இடைவெளியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பழைய புத்திமதி இன்றும் பொருந்தும் இடங்கள் உண்டு. கிரவல் ஒழுங்கை, கரையோர மணல், வீதியில் காயப்போட்ட நெல், மழையில் நனைந்த வெள்ளைக் கோடுகள் ஆகியவற்றில் முன் பிறேக்கை மிக மெதுவாகவே தொட வேண்டும். கோடைக்குப் பின் வரும் முதல் மழையில் தூசியும் ஒயிலும் கலந்து வீதி சவர்க்காரம்போல் வழுக்கும். மாரியில் வெள்ளம் தாண்டினால் டிரம் பிறேக்குக்குள் நீர் புகுந்து பிடிக்காமல் போகும். தாண்டியதும் மெதுவாக ஓடியபடி பிறேக்கை இலேசாகப் பிடித்துக் காயவையுங்கள்.

யுத்தத்தில் காயமடைந்தவர்களுக்கு

வலக்காலை இழந்து செயற்கைக் காலுடன் ஓடுபவர்களுக்கு முன் பிறேக்தான் முதன்மைப் பிறேக். செயற்கைப் பாதத்துக்குப் பெடலின் அழுத்தம் தெரியாது, பின் சில்லு இறுகுவதை உணர்வதும் கடினம். பாதம் பெடலில் சிக்குவதும் உண்டு. இவர்களுக்கு இரண்டு பிறேக்கும் கையிலேயே இருக்கும் ஸ்கூட்டர் பொருத்தமானது. இடக்கையை இழந்தவர்களுக்கோ, இடக்கையில் பலம் குறைந்தவர்களுக்கோ கிளச் இல்லாத வண்டி உதவும். ஆனால் ஸ்கூட்டரில் பின் பிறேக் லீவர் இடப்பக்கத்தில் இருப்பதால், அதை எப்படி இயக்குவது என்பதற்கு முதலில் வழி காண வேண்டும்.

வலக்கையில் விரல்களை இழந்தவர்கள், அல்லது ஷெல் துண்டு பட்டு நரம்பு பாதிக்கப்பட்டவர்கள், டிரம் பிறேக்கைவிட டிஸ்க் பிறேக்கைத் தெரிவு செய்வது நல்லது. குறைந்த பலத்தில் கூடுதலாகப் பிடிக்கும். ஒருங்கிணைந்த பிறேக் முறை உள்ள ஸ்கூட்டர்களில் இட லீவரை அமுக்கினால் இரண்டு சில்லும் பிடிக்கும், அது பெரிய உதவி. லீவர் எட்டாவிட்டால், தூரத்தை மாற்றக்கூடிய லீவர் பூட்டலாம். மணிக்கட்டு வளையாமல் இருக்கும்படி லீவரின் கோணத்தையும் திருப்பி வைக்கலாம். லீவரை வெட்டி ஒட்டுவதற்கு உடன்பட வேண்டாம். ஒட்டு விட்டுப்போவது பலமாகப் பிடிக்கும் நேரத்தில்தான். வண்டியில் மாற்றம் செய்யும் முன் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாலை போதும்

இதை வாசித்து மட்டும் கை பழகாது. வெறுமையான, காய்ந்த, சமதரையான இடம் ஒன்றைத் தேடுங்கள். தலைக்கவசம், சப்பாத்து, நீளக் காற்சட்டை அணியுங்கள். மணிக்கு 20 கிலோமீற்றரில் தொடங்கி, முன் பிறேக்கால் மட்டும் மென்மையாகப் பத்துத் தடவை நிறுத்துங்கள். பிறகு இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். 30, 40 என்று கூட்டிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு தடவையும் நின்ற இடத்தில் ஒரு கல்லை வையுங்கள். கற்கள் உங்களை நோக்கிக் கிட்ட வருவதைக் கண்ணால் காண்பீர்கள்.

அடுத்த மாலை உங்கள் மகனையோ மகளையோ கூட்டிக்கொண்டு போய் அதே இடத்தில் பழக்குங்கள். "முன் பிறேக்கைப் பிடிக்காதே" என்று சொல்லிக் கொடுத்த வாயால், எப்படிப் பிடிப்பதென்றும் சொல்லிக் கொடுங்கள்.