முல்தானில் ஓர் எச்சரிக்கை

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, கல்வெட்டு ஒன்றைப் பற்றியோ ஏட்டுச்சுவடிப் பதிப்பு ஒன்றைப் பற்றியோ நான் எழுதித் தருவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். கிரிக்கெட் ஆட்டம் ஒன்றைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் தொலைபேசியின் மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. ஆனால் நம் வட்டத்தில் எழுந்து, முடியாமல் நின்றுபோன விவாதம் ஒன்றின் தொடர்ச்சியே இக்கட்டுரை. ஆதலால் இம்மலரில் இதற்கு இடம் கேட்கும் உரிமை எனக்கு உண்டென்று கருதுகிறேன்.

2024 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. அன்று முற்பகலில் சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்ட் ஆட்டத்தில் இந்தியா வங்கதேசத்தை 280 ஓட்ட வேறுபாட்டில் வென்றிருந்தது. நம் ஊர்க்காரரான அஸ்வின் முதல் இன்னிங்சில் 113 ஓட்டங்கள் குவித்து, இறுதியில் ஆறு விக்கெட்டுகளையும் வீழ்த்தியிருந்தார். மாலையில் நம் மாதக் கூட்டம். கவியரங்கம் தொடங்க நேரமிருந்தது. மைதானத்திலிருந்து நேரே வந்திருந்த உறுப்பினர் இருவரைச் சூழ்ந்து நின்று எல்லோரும் ஆட்டத்தைப் பேசிக்கொண்டிருந்தனர்.

மூத்த கவிஞர் ஒருவர், "யானையையும் ஆட்டுக்குட்டியையும் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பதற்குப் பெயர் டெஸ்டா? இவர்களைத் தனிப் பந்தியில் உட்கார வைக்கவேண்டும்" என்றார். மற்றொருவர் மறுத்தார். பாகிஸ்தானை அதன் மண்ணிலேயே, ராவல்பிண்டியில், இதே வங்கதேசம் இரண்டு டெஸ்டுகளிலும் வென்று மூன்று வாரங்கள்கூட ஆகவில்லையே என்றார். பேச்சு 2003ஆம் ஆண்டின் முல்தான் ஆட்டத்துக்குத் திரும்பியது. அதில் முகமது ரஃபீக் காட்டிய பெருந்தன்மையை ஒருவர் விவரித்து, "தோற்றும் வென்றவர் அவர்" என்று முடித்தார். கைதட்டல் எழுந்தது. அப்போது, அண்மையில் நம் வட்டத்தில் சேர்ந்த ஆய்வு மாணவி ஒருவர், "ஐயா, வெல்லும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அப்படிக் கைதட்டுவது எளிது" என்றார். உடனே கவியரங்கம் தொடங்கிவிட்டது. கைதட்டியவர்களுள் நானும் ஒருத்தி.

அம்மாணவிக்கு மறுமொழி சொல்லவேண்டுமாயின் முல்தானில் நடந்ததை முழுமையாகப் பார்க்கவேண்டும்.

வங்கதேசத்துக்கு டெஸ்ட் தகுதி 2000 ஜூனில் வழங்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் டாக்காவில் இந்தியாவை எதிர்த்து ஆடிய முதல் டெஸ்டில், அமினுல் இஸ்லாம் அடித்த 145 ஓட்டங்களின் துணையுடன் முதல் இன்னிங்சிலேயே 400 ஓட்டங்கள் எடுத்தது. இரண்டாம் இன்னிங்சில் 91 ஓட்டங்களுக்குள் சுருண்டு தோற்றது. அதன்பின் தோல்விமேல் தோல்வி. முல்தான் ஆட்டத்துக்கு முன் அவ்வணி ஆடியவை 23 டெஸ்டுகள், தோற்றவை 22, எஞ்சிய ஒன்று, ஜிம்பாப்வேக்கு எதிராக மழையின் கருணையால் டிராவில் முடிந்தது. 2003 ஜூலையில் ஆஸ்திரேலியா சென்றபோது, ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிடும் என்ற ஏளனப் பேச்சும் அங்கே எழுந்தது. டார்வின் நகரில் முதல் இன்னிங்சில் 97 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தனர். இவர்களுக்கு ஏன் டெஸ்ட் என்ற கேள்வி அப்போதே உலகெங்கும் கேட்கப்பட்டது. நம் கூட்டத்தில் கேட்டது அதன் எதிரொலி.

இக்கேள்வியைக் கேட்போர் சிலவற்றை மறந்துவிடுகின்றனர். நியூசிலாந்து 1930இல் டெஸ்ட் ஆடத் தொடங்கி முதல் வெற்றிக்கு 1956 வரை காத்திருந்தது; அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆக்லாந்தில் இங்கிலாந்திடம் 26 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. 1932இல் தொடங்கிய இந்தியா 1952 பிப்ரவரியில், தன் 25ஆவது டெஸ்டில்தான் முதன்முறையாக வென்றது. வென்ற இடம் இதே சேப்பாக்கம். இங்கிலாந்தை இன்னிங்ஸ் வேறுபாட்டில் வீழ்த்திய அவ்வாட்டத்தில் பன்னிரண்டு விக்கெட்டுகளை எடுத்தவர் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் வினூ மன்கட். இப்பெயரை நினைவில் கொள்க, மீண்டும் வருவேன்.

வங்கதேசத்துக்குப் பாகிஸ்தான் வெறும் எதிரணி அன்று. 1971 வரை இரண்டும் ஒரே நாடு. பாகிஸ்தான் தன் மண்ணில் ஆடிய முதல் டெஸ்ட், 1955 ஜனவரியில் இந்தியாவை எதிர்த்து, டாக்காவில்தான் நடந்தது. ஆயினும் கிழக்கு வங்காளத்து வங்காளி ஒருவர்கூடப் பாகிஸ்தானின் டெஸ்ட் பதினொருவருள் இடம்பெற்றதில்லை. 1971 பிப்ரவரி இறுதியில் டாக்காவில் பாகிஸ்தான் வாரிய அணிக்காக ஆட இறங்கிய இளைஞர் ரகிபுல் ஹசன், தம் மட்டையில் 'ஜெய் வங்காளம்' என்னும் முழக்கத்தை ஒட்டிக்கொண்டு வந்தார். அவ்வாட்டம் முடியவேயில்லை. தேசியப் பேரவைக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்ட செய்தி மார்ச் 1ஆம் நாள் பரவ, மக்கள் கொந்தளித்தெழுந்து மைதானத்துக்குள் புகுந்தனர். அடுத்த சில வாரங்களில் நடந்தவை உலகறியும்.

2003 செப்டம்பரில் முல்தானில் தொடரின் மூன்றாம் டெஸ்ட். வங்கதேசம் 281 ஓட்டங்கள், பாகிஸ்தான் 175. ரஃபீக் ஐந்து விக்கெட்டுகள் வீழ்த்தினார். அவரும் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளரே. இரண்டாம் இன்னிங்சில் வங்கதேசம் 154க்குச் சரிந்தது. அதில் அலோக் கபாலியின் விக்கெட் கள்ளமாகப் பறிக்கப்பட்டது: கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்த பந்தைப் பிடித்துவிட்டதாகப் பாகிஸ்தான் தலைவரும் விக்கெட் காப்பாளருமான ரஷீத் லத்தீஃப் உரிமை கோரினார், நடுவரும் நம்பினார். பின்னர் அதற்காக லத்தீஃபுக்கு ஐந்து ஒருநாள் ஆட்டங்களில் ஆடத் தடை விதிக்கப்பட்டது. கபாலியின் விக்கெட் திரும்பவில்லை.

இலக்கு 261. மூன்றாம் நாள் முடிவில் பாகிஸ்தான் ஆறு விக்கெட்டுகளை இழந்திருந்தது. நின்றிருந்தவர் இன்சமாம் உல் ஹக், முல்தானிலேயே பிறந்தவர். அவ்வாண்டு உலகக் கோப்பையில் சோபிக்காமல் அணியிலிருந்து நீக்கப்பட்டு, இத்தொடருக்குத் திரும்பியவர். நான்காம் நாள் 205இல் எட்டாவது விக்கெட்டும் வீழ்ந்தது. வேகப்பந்து வீச்சாளர் உமர் குல் துணைக்கு வந்தார். அவரால் செய்யக்கூடியது ஒன்றே: மறுமுனையில் நின்று, வாய்த்த ஓட்டங்களுக்கு விரைந்து, இன்சமாமைப் பந்தை எதிர்கொள்ள வைப்பது. அந்த விரைவில், ரஃபீக் பந்தை விடுவிக்கும் முன்பே குல் கோட்டைத் தாண்டி முன்னேறிவிட்டார். ரஃபீக் ஓட்டத்தை நிறுத்தினார். பந்து அவர் கையில், ஸ்டம்புகள் எட்டும் தொலைவில், குல் வெளியே. தட்டினால் ஒன்பதாவது விக்கெட். விதி தடுக்கவில்லை. ரஃபீக் தட்டவில்லை, எச்சரித்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

இன்சமாமும் குல்லும் சேர்ந்து 52 ஓட்டங்கள் சேர்த்தனர். அதில் குல்லின் பங்கு ஐந்து. வெற்றிக்கு நான்கு ஓட்டங்களே வேண்டியிருந்தபோது குல் வழக்கமான முறையில் ரன் அவுட் ஆனார். தம் முதல் டெஸ்டை ஆடிய யாசிர் அலி ஓர் ஓட்டம் எடுக்க, இன்சமாம் பந்தை எல்லைக்கு விரட்டினார். ஒரே விக்கெட்டில் பாகிஸ்தான் வென்றது. இன்சமாம் 138 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றார். வங்கதேச ஆட்டக்காரர்கள் கண்ணீருடன் மைதானத்தை விட்டு வெளியேறினர்.

இனி மன்கட். 1947–48இல் விடுதலை பெற்ற இந்தியா பிராட்மனின் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றது. அதுவும் ஒப்பில்லாப் போட்டியே. முதல் டெஸ்டில் இந்தியா 58, 98 என இருமுறை சுருண்டது. தொடரை 4–0 என இழந்தது. சிட்னியில் நடந்த பயண ஆட்டமொன்றில், பந்து வீசுமுன் கோட்டை விட்டு நகர்ந்த பில் பிரவுனை மன்கட் முதலில் எச்சரித்தார். மீண்டும் நகர்ந்தபோது ரன் அவுட் செய்தார். அடுத்த மாதம் சிட்னி டெஸ்டில் பிரவுன் மறுபடியும் நகர, இம்முறை எச்சரிக்கையின்றி ஸ்டம்பைத் தட்டினார். பிராட்மன் அதில் குற்றம் காணவில்லை. பின்னாளில் தம் நூலில் மன்கட்டை ஆதரித்தே எழுதினார். பத்திரிகைகளோ அந்தச் செயலுக்கு மன்கட்டின் பெயரையே சூட்டிவிட்டன. சேப்பாக்கத்தின் பன்னிரண்டு விக்கெட்டுகளை அறியாத நாட்டினரும் அப்பெயரை இழிசொல்லாக அறிவர். தந்த எச்சரிக்கை மறக்கப்பட்டது. தராத எச்சரிக்கை நிலைத்தது. 2019இல் ஜெய்ப்பூரில் நம் அஸ்வின் ஜோஸ் பட்லரை இவ்வாறு ஆட்டமிழக்கச் செய்தபோதும், 2022இல் லார்ட்ஸில் தீப்தி சர்மா சார்லி டீனை ஆட்டமிழக்கச் செய்தபோதும் பழைய வசையே எழுந்தது. 2022 அக்டோபர் முதல் கிரிக்கெட் விதிநூல் இச்செயலை 'முறையற்ற ஆட்டம்' என்னும் பகுதியிலிருந்து எடுத்து, 'ரன் அவுட்' பகுதியில் சேர்த்தது. எழுபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

எச்சரித்துப் போரிடுவது நம் புலவர்களுக்குப் புதிதன்று. முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார், அம்பு தொடுக்குமுன் பசுக்களையும் பெண்டிரையும் நோயுற்றோரையும் அரண் தேடிச் செல்லுமாறு அறிவிக்கும் அவன் அறநெறியைப் போற்றுகிறார். வகுப்பில் இப்பாட்டை நடத்தும்போதெல்லாம் மன்னனின் அருளை மட்டுமே எடுத்துரைத்து வந்தேன். மாணவியின் சொல் கேட்ட பிறகே வேறொன்று புலப்பட்டது. அவ்வறிவிப்பைச் செய்தவன் வெல்லப்போகிறவன். ஓர் எச்சரிக்கையால் அவன் இழப்பது ஒன்றுமில்லை. வலியவன் தரும் எச்சரிக்கை கொடை. மெலியவனிடமோ அதையே நாம் கடனாகக் கேட்கிறோம். அவன் தந்து தோற்றால் பெருந்தன்மை என்கிறோம். தராது வென்றால் அவன் பெயரையே வசையாக்குகிறோம்.

ஆயினும் மாணவியின் கருத்தை நான் முழுதும் ஏற்கவில்லை. ரஃபீக் ஓட்டத்தை நிறுத்திய அந்த நேரத்தில் வெற்றிக்கு அருகில் நின்றது வங்கதேசமே. இன்னும் இரண்டு விக்கெட்டுகள்தாம். பெருவழுதியைப் போலவே, கூட்டில் இன்னும் அம்பு இருக்கிறது என்று நம்பியவரின் செயல் அது. விருந்துக்கு வந்தவர் காட்டும் பணிவாக அதை நான் படிக்கவில்லை. அந்த ஆட்டம் தமக்கும் உரியது, எப்படி வெல்வது என்பதைத் தாமே தீர்மானிக்கலாம் என்று எண்ணியவரின் முடிவாகவே படிக்கிறேன். விதி தனக்கும் உரியது என்று எடுத்தாண்ட மன்கட்டும் அவ்வகையினரே. ஒருவர் கொண்டார், மற்றவர் விட்டார். கொள்வதும் விடுவதும் உரிமையுள்ளவர்க்கே இயலும்.

பிழை நம் கைதட்டலில் இருக்கிறது. வெண்ணிப்பறந்தலைப் போருக்குப் பின் வெண்ணிக்குயத்தியார், வென்ற கரிகாலனை நேர்நின்று விளித்து, புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரன் உன்னினும் நல்லன் அல்லனோ என்னும் பொருள்படப் பாடினார். குயவர் குலத்துப் பெண் ஒருவர் வேந்தன் முகத்துக்கு நேரே சொன்ன சொல் அது. அவர் தோற்றவனுக்கு ஆறுதல் கூறவில்லை. வென்றவனின் உறக்கத்தைக் கெடுத்தார். 'தோற்றும் வென்றார்' என்று ரஃபீக்கைப் புகழும் நம்மால் எந்த வெற்றியாளருக்கு உறக்கம் கெட்டது?

ரஃபீக்கின் பிந்தைய வரலாறு இதைவிடச் சுவையானது. ஆனால் எவரும் சொல்வதில்லை. அடுத்த ஆண்டு செயின்ட் லூசியாவில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஒன்பதாவதாக இறங்கி 111 ஓட்டங்கள் அடித்தார். மழையின் தயவின்றி வங்கதேசம் டிரா செய்த முதல் டெஸ்ட் அது. 2005 ஜனவரியில் சிட்டகாங்கில் ஜிம்பாப்வேயை வென்று, 35ஆவது டெஸ்டில் வங்கதேசம் முதல் வெற்றி கண்டபோது அவர் அணியில் இருந்தார். தம் நாட்டில் டெஸ்டில் நூறு விக்கெட்டுகளை முதலில் எட்டியவரும் அவரே.

ராவல்பிண்டியின் இரண்டாம் டெஸ்டில் வங்கதேசம் 26 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகளை இழந்து நின்றது. லிட்டன் தாஸ் 138 ஓட்டங்கள் அடித்து மீட்டார். முல்தானில் இன்சமாம் எடுத்ததும் அதே 138 என்பதைப் பிறகே கவனித்தேன். அந்த ஆட்டத்தில் யாரையும் தோற்றும் வென்றவர் என்று சொல்லவேண்டிய தேவை வங்கதேசத்துக்கு ஏற்படவில்லை.

தனிப் பந்தி கேட்ட மூத்த கவிஞரிடம் இக்கட்டுரையை அச்சுக்குத் தருமுன் படித்துக் காட்டினேன். "வெண்ணிக்குயத்தியாரை நீங்கள் இங்கே இழுத்தது அடாவடி" என்றார். சற்றுப் பொறுத்து, ரஃபீக்கைப் பற்றித் தாம் ஒரு கவிதை தொடங்கியிருப்பதாகவும், இம்மலருக்கே தருவதாகவும் சொன்னார். மலர் அச்சேறும் இந்நாள்வரை அது வந்து சேரவில்லை. முடிவடி அமையவில்லையாம்.